போரனந்தம்

விழுப்புரத்தில் தமிழாசிரியராக இருந்த சீனுவாசன், 1957-ஆம் வருஷம் ஊர்த் தமிழ் மன்றத்து மேடையில் ஏறித் தம் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த வடமொழியை உதறினார். ‘ஸ்ரீ’ என்றால் திரு, ‘நிவாசம்’ என்றால் உறைவிடம் என்று பிரித்துக் காட்டி, இன்று முதல் நான் திருவுறைவோன் என்று அறிவித்தார். மன்றத்தில் கைதட்டினார்கள். ஊரில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பால்காரர் முதல் பள்ளிக்கூடத்துப் பியூன் வரை எல்லாருக்கும் அவர் சீனு வாத்தியார்தான். நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம், அவர் காதில் விழப்போவதில்லை.

சீனு வாத்தியாருக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, பிறமொழிச் சொல். மற்றொன்று, ரகரத்துக்குக் கீழே சாய்கோடு இழுக்காமல் மொட்டையாக விடுவது. அந்தக் கோடு இல்லாவிட்டால் ரகரமும் துணைக்காலும் ஒன்றுதான். எது எழுத்து, எது கால் என்று படிக்கிறவன் முழிக்க வேண்டியதுதான். கட்டுரை நோட்டில் மொட்டை ரகரத்தைப் பார்த்துவிட்டால் சிவப்பு மையால் தாள் கிழிகிற மாதிரி கோடு இழுப்பார். அன்றைக்கு வகுப்பில் வேறு பாடம் நடக்காது.

அவர் மனைவி வெள்ளையம்மாள் திண்டிவனத்துக்காரி. ஊருக்கு வெளியே, ஓமந்தூர் போகிற பாதையில் அவள் அண்ணனுக்கு நிலம் இருந்தது. ஐந்தாவது வரை படித்தவள். பெயரிலேயே தமிழ் இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ள வாத்தியாருக்கு வசதியாக இருந்தது. தேன்மொழி என்று ஒரு மகள், ஆறு வயது. எட்டு வருஷக் குடித்தனத்தில் பெரிய சச்சரவு எதுவும் கிடையாது.

வெள்ளையம்மாளிடம் ஒரு சொல் இருந்தது. கோடையில் கிணற்றடியிலிருந்து வந்து, பானைத் தண்ணீரை ஒரு சொம்பு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு “போரனந்தம்” என்பாள். ஆடி மாதத்து முதல் மழையில் வாசலில் நின்று கையை நீட்டிக்கொண்டு “போரனந்தம்” என்பாள். கேப்பைக் கூழில் மோரை ஊற்றிப் பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டும் சொல்வாள். தேன்மொழி பிறந்து, குளிப்பாட்டி மடியில் வைத்தபோதும் அதைத்தான் சொன்னாள் என்று மருத்துவச்சி வந்து சொன்னாள். ஏதோ திண்டிவனத்துப் பேச்சு என்று வாத்தியார் எட்டு வருஷமும் அதைச் சட்டை செய்யவில்லை. சொந்த வீட்டுக்குள் கிடந்த சொல்லை ஒருநாளும் குனிந்து பார்க்காதவர், ஊர்ச் சொற்களுக்கெல்லாம் வேர் தோண்டிக்கொண்டிருந்தார்.

1961-இல் பொங்கல் விழாவுக்கு மன்றத்தில் ‘இன்பத்தைக் குறிக்கும் சொற்கள்’ என்ற தலைப்பில் பேச அவரை அழைத்தார்கள். வாத்தியார் ஒரு மாதம் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார். பழந்தமிழில் மகிழ் என்றால் கள். குடித்தவனுக்கு வந்த மயக்கம்தான் பிறகு எல்லாருக்கும் பொதுவான மகிழ்ச்சி ஆயிற்று. களிப்பும் அந்தக் குடும்பம்தான். குஷி பாரசீகத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, அதை விரட்ட வேண்டும். சந்தோஷம், ஆனந்தம் இரண்டும் வடசொல், இரண்டையும் விரட்ட வேண்டும். உவப்பு, உவகை இருக்கலாம். இப்படி எழுதிக்கொண்டு வந்தவருக்கு, கடைசியில் நாட்டுப்புறத்துச் சொல் ஒன்றையும் எடுத்துக்காட்டினால் சபை அசந்துவிடும் என்று தோன்றியது. அப்போதுதான் வீட்டிலிருந்த சொல் ஞாபகத்துக்கு வந்தது.

அகராதியைப் புரட்டினார். இல்லை. இன்னொரு அகராதியிலும் இல்லை. மறுநாள் ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் சுப்பராயலுவைக் கேட்டார். சுப்பராயலு திண்டிவனத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அப்படி ஒரு வார்த்தை எங்கள் பக்கத்தில் கிடையவே கிடையாது என்று அடித்துச் சொன்னார். பிறகு, சும்மா இருந்திருக்கலாம், வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல் தமிழ் வாத்தியாரிடமே பதம் பிரித்துக் காட்டினார்.

“போர், அனந்தம். அனந்தம்னா முடிவு இல்லாதது. முடிவே இல்லாத சண்டை. கல்யாணத்துக்கு ஏத்த பேருதான் சார்.” சிரித்து முடித்து, இன்னொன்றையும் சேர்த்தார். “இல்லன்னா ஆள் பேரா இருக்கும். வைக்கப்போர் போடற அனந்தம். போர் அனந்தம்.”

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சீனு வாத்தியாரும் சிரித்துவைத்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வரும் வழியிலேயே தீர்ந்துபோயிற்று. ஆள் பேர் என்று எடுத்துக்கொண்டால், கண்ணை மூடிக்கொண்டு அவள் அதைச் சொல்வது வேறு மாதிரி அல்லவா இருக்கிறது?

அன்று சாயங்காலம், ஏதோ இலக்கண ஐயம் கேட்பவர் மாதிரி, போரனந்தம் என்றால் என்ன பொருள் என்று அவளிடம் கேட்டார். வெள்ளையம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. எட்டு வருஷத்தில் அப்படிச் சிவந்து அவர் பார்த்ததில்லை. “போங்க, உங்களுக்குத் தெரியாததா” என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அங்கே தனியாகச் சிரிப்பதும் அவருக்குக் கேட்டது.

அன்றிலிருந்து வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்பதைப் பற்றி வகுப்பில் எத்தனையோ தடவை அழகாகப் பேசியிருக்கிறார். அது வயிற்றில்தான் முதலில் வரும் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. அந்தச் சொல் எப்போதெல்லாம் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தார். தீபாவளிக்கு அவர் தேடித் தேடி எடுத்துவந்த காஞ்சிபுரத்துச் சேலைக்கு “நல்லா கீதுங்க” என்று மட்டும் சொன்னது நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு முனியம்மாள் கிண்ணத்தில் கொடுத்தனுப்பிய முருங்கைப்பூப் பொரியலுக்கோ போரனந்தம். காலில் தைத்த முள் வந்தால் போரனந்தம். அவரைப் பார்த்து, அவருக்காக, அந்தச் சொல் ஒரு தடவையாவது வந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் இல்லை. தண்ணீர் மேலும் மழை மேலும் முருங்கைப்பூ மேலும் எரிச்சல் வந்தது. அந்தச் சொல்லை அவளுக்கு முதலில் கொடுத்த ஆளின் மேல் வந்தது எரிச்சல் இல்லை, தீ.

பொங்கல் பேச்சு ஏனோதானோ என்று முடிந்தது. உவகைக்கும் களிப்புக்கும் அவர் வேர் சொன்னபோது சபை கைதட்டியது, மதுவிலக்கு இருக்கும்போது மகிழ்ச்சி என்று சொன்னால் போலீஸ் பிடிக்குமா என்று யாரோ கேட்டுச் சிரிக்கவைத்தார்கள். வாத்தியார் எதையும் காதில் வாங்கவில்லை. வீட்டில் இருக்கும் சொல்லுக்கு வேர் தெரியவில்லையே, அதுவல்லவா அவரை அரித்தது.

மறுபடி கேட்டார். இந்தத் தடவை குரலில் விளையாட்டு இல்லை. எனக்குத் தெரியாது, தெரியாததனால்தான் கேட்கிறேன், யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று நேராகவே கேட்டுவிட்டார். வெள்ளையம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறார் என்று புரிந்ததும் அவள் முகம் வாடிப்போயிற்று.

“சொன்னது யாருன்னு உங்களுக்கே நெனப்பு இல்லன்னா, நான் சொல்லி இன்னா ஆவப்போவுது.”

இதைக் கேட்டால் வேறு யாருக்கும் பாதி விளங்கியிருக்கும். வாத்தியாருக்கு மொத்த வாக்கியத்தில் ‘யாரு’ என்ற ஒரு சொல்தான் காதில் நின்றது. ஆக, சொன்னவன் ஒருவன் இருக்கிறான். இனி அந்தச் சொல்லை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவள் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை, விதைக்கு நிலக்கடலை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாத்தியார் காலைப் பாசஞ்சரில் ஏறினார். கொல்லையே இல்லாத வீட்டுக்கு விதை மல்லாட்டை எதற்கு என்று அவள் கேட்கவில்லை. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி என்று வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆற அமர நின்றது. மயிலத்தில் மலையைப் பார்த்துக் கும்பிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அனந்தம் எப்படி இருப்பான் என்று மனசுக்குள் ஒரு ஆளைச் செய்துகொண்டே போனார். திண்டிவனத்தில் இறங்கும்போது அந்த ஆளுக்கு நல்ல உயரமும், சுருட்டை முடியும், அவருக்கு இல்லாத தோள்களும் வந்துவிட்டிருந்தன.

மைத்துனர் தேவநாதன் களத்தில் மல்லாட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். களத்தின் ஓரத்தில் வைக்கோல் போர் ஒன்று கூரைக்கு மேல் உயரமாக நின்றது. அதைப் பார்த்ததுமே வாத்தியாருக்கு உடம்பு பற்றிக்கொண்டது. சும்மா பேச்சுவாக்கில் கேட்பவர் மாதிரி, போர் நன்றாகப் போட்டிருக்கிறார்களே, யார் வேலை என்று ஆரம்பித்தார். அப்படியே சுற்றி வளைத்து, அனந்தம் என்று யாராவது இங்கே உண்டா என்று கேட்டுவிட்டார்.

“அனந்தனா? அனந்தம் அனந்தம்னுதான் கூப்புடுவோம்” என்றார் தேவநாதன். “பக்கத்துக் காணிக்காரன் புள்ள. போர் போடறதுல அவன அடிச்சிக்க ஆள் கெடையாது. சின்னதுல நம்ம வெள்ளையம்மா அவன் போட்ட போர் மேல ஏறி ஏறிக் குதிக்கும். இப்ப பட்டாளத்துல கீறான். போன மாசம் லீவுல வந்தப்பகூட, வெள்ளையம்மா எப்படி கீதுன்னு கேட்டான். இன்னா மாப்ள, உங்களுக்கு எப்படி அவனத் தெரியும்?”

தெரியும் என்று மட்டும் சொன்னார் வாத்தியார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று தேவநாதன் மனைவி இலை போட்டதையும் வேண்டாம் என்றார். மாப்பிள்ளைக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று அந்த வீட்டில் அன்று முழுக்கப் பேஜாராக இருந்ததாம். அவர் ஸ்டேஷன் வரை வெயிலில் நடந்தே போனார். பட்டாளம் என்று தெரிந்ததும், மனசில் இருந்த ஆளுக்கு மீசையும் வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெள்ளையம்மாள் தேன்மொழிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். குழந்தையை முனியம்மாள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். வாத்தியார் வீட்டில்கூடத் தூய தமிழில்தான் பேசுவார். கோபத்தில்கூட இலக்கணம் பிசகாது என்று தம்மைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம் உண்டு. அன்று அதெல்லாம் பறந்துவிட்டது.

“யாருடி அந்த அனந்தம்? எல்லாம் தெரிஞ்சிக்கினுதான் வந்திருக்கேன். போர் மேல ஏறிக் குதிச்ச கதையெல்லாம் உங்க அண்ணன் சொல்லிட்டாரு. எம் வூட்ல இருந்துக்கினு எட்டு வருஷமா அவன் பேரையா சொல்லிக்கினு இருந்தே?”

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. எழுந்து போய், கல்யாணத்தில் கொண்டுவந்த தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்தாள். நீல நிற இன்லேண்டு லெட்டர். மடிப்பெல்லாம் நைந்து துணி மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதைத் தரையில் விரித்து, ஐந்தாவது வகுப்பில் படித்த மாதிரியே ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்துப் படித்தாள்.

“உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பியது முதல் எனக்குப் போரனந்தம்.”

வாத்தியார் குனிந்து பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். 1953, ஜூன் மாதம். பெண் பார்த்துவிட்டு வந்த அடுத்த வாரம், வீட்டில் யாருக்கும் தெரியாமல், ஸ்டேஷன் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால் மேல் வைத்து எழுதியது. எழுதினோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. எழுதியது பேரானந்தம். இரட்டைக் கொம்பு, பகரம், ரகரம், கால். அவசரத்தில், ஆசையில், ரகரத்துக்குச் சாய்கோடு இழுக்கவில்லை. பகரத்துக்குப் பின்னால் ஒன்றேபோல இரண்டு கால்கள் நின்றன. முதலாவதை ரகரம் என்று எடுத்துக்கொண்டால் ‘பேரா’. இரண்டாவதை ரகரம் என்று எடுத்துக்கொண்டால் ‘போர’. அவள் இரண்டாவதை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் வகுப்பில் ஒரு பையன் அப்படி எழுதியிருந்தால் அந்த நோட்டு என்ன பாடு பட்டிருக்கும் என்பது அவருக்கே தெரியும். பின்னாளில் ஆனந்தத்தை வடசொல் என்று வீட்டை விட்டே துரத்தியவர் அவர். அது வேறு வேஷத்தில் உள்ளேயே இருந்ததை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

“அர்த்தம் யாரைப் போய்க் கேப்பேன்?” என்றாள் வெள்ளையம்மாள். “வூட்ல யாரும் இல்லாதப்ப தபால்காரர் என் கையிலதான் குடுத்தாரு. கடுதாசி வந்ததே ஒருத்தருக்கும் தெரியாது. என்னைப் பாத்துட்டுப் போனப்ப உங்களுக்கு எப்படி இருந்திச்சோ, அதுக்குப் பேருதான் போரனந்தம்னு நானே வெச்சிக்கினேன். எனக்கு அந்த மாதிரி எது தோணினாலும் அதைச் சொல்லுவேன்.”

பிறகு அவளே கேட்டாள். “அப்ப அது தப்பா? அந்த மாதிரி ஒரு வார்த்தையே கெடையாதா?”

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்திருந்தால் போதும். பதினொரு வருஷம் பாடம் எடுத்த வாய் சும்மா இருக்குமா? அது பேரானந்தம், ஆனால் அதுவும் வடசொல், நாம் பேருவகை என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவர் ஆரம்பித்துவிட்டார். பாதியில் அவருக்கே கேட்டது, நிறுத்தினார். அதற்குள் வெள்ளையம்மாள் கடுதாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்துவிட்டாள்.

தப்புதான், என் தப்புதான், அதைக் கொஞ்சம் கொடு என்று கையை நீட்டினார்.

“இது உங்களுக்கு இல்லீங்க” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “இதை எழுதினவரு, அனந்தம் யாருன்னு தேடிக்கினு ரயிலேறிப் போயிருக்க மாட்டாரு.”

பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பிறகு வெளியே போய்க் குழந்தையைக் கூப்பிட்டு விட்ட இடத்திலிருந்து தலை பின்னினாள்.

அதற்குப் பிறகும் குடித்தனம் நடந்தது. சோறு வேளைக்கு வந்தது, பேச்சுக்குப் பேச்சு இருந்தது. அந்தச் சொல் மட்டும் வரவில்லை. வாத்தியார் என்னவெல்லாமோ செய்து பார்த்தார். உத்தரவை வாபஸ் வாங்கினார். வெயிலில் வந்தவளுக்குத் தாமே பானைத் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்து, “நல்லா கீதுங்க” என்றாள். ஒருநாள் மானத்தை விட்டு, எனக்காக ஒரு தடவை சொல் என்று கேட்டும் பார்த்தார். அவள் உடனே சொன்னாள். பேரானந்தம் என்று, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்.

ஆடி பிறந்து முதல் மழை வந்த அன்று பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். வாத்தியார் குடையில்லாமல் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். கதவு சாத்தியிருந்தது. தட்டுவதற்குக் கையை எடுத்தவர், உள்ளே முற்றத்திலிருந்து அவள் குரல் வந்ததும் அப்படியே நின்றார். யாரோடும் பேசுகிற குரல் இல்லை அது. மெதுவாக, நீட்டி, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, “போரனந்தம்” என்றாள்.

எட்டு வருஷமாக அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்ட குரல். இப்போது அதைக் கதவுக்கு வெளியே நின்றுதான் கேட்க முடிந்தது. அவள் யாரை நினைத்துச் சொல்கிறாள் என்பதில் இப்போது அவருக்குச் சந்தேகமே இல்லை. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் ஒருவன், இருபத்தாறு வயசு, எழுத்துக்குக் கோடு இழுக்கக்கூடப் பொறுமை இல்லாதவன், வடசொல் தென்சொல் பார்க்காதவன். ஒரே ஒரு வரி எழுதி, அதையும் தப்பாக எழுதி, ஒருத்தியைக் காலம் முழுக்க நிறைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவனை நினைத்ததும் வாத்தியாருக்கு வயிறு எரிந்தது. அனந்தத்தின் மேல் வந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அனந்தமாவது பட்டாளத்தில் இருக்கிறான், என்றைக்காவது லீவில் வருவான், நேரே பார்த்து ஒரு வார்த்தை கேட்கலாம்.

அவர் தொண்டையைக் கனைத்தார். உள்ளே குரல் நின்றது. வெள்ளையம்மாள் வந்து கதவைத் திறந்து, “இன்னாங்க, இப்படி நனைஞ்சிக்கினு வந்திருக்கீங்க” என்று துண்டை எடுத்துக் கொடுத்தாள்.